ஆறாம் எண்ணில் நின்ற ரோல்

"பையைத் திற, நிமாய்."

"திறக்க மாட்டேன். திருடன்னு முதல்லயே சொல்லியாச்சு. அப்புறம் எதுக்குத் திறக்கணும்?"

"ஒண்ணும் எடுக்கலைன்னா திறக்க என்ன பயம்?"

"பயமா? தணி-தா, இருபது வருஷமா உங்க எல்லாருக்கும் பழைய படம் தேடிக் கொண்டாந்து குடுக்குறேன். ஒரு நாளாவது உங்க பையை நான் திறந்து பார்த்திருக்கேனா?"

"பேச்சை மாத்தாதே. அந்தம்மா முகத்தைப் பாரு. அவங்க அம்மா படம்யா அது!"

"அதைத்தான் சொல்றேன், நான் தொடலை. போலீஸைக் கூப்பிடுங்க. அவங்க திறக்கட்டும்."

"போலீஸ் எதுக்கு நம்ம வீட்டு விஷயத்துக்கு?" என்றார் சாய்வு நாற்காலியில் இருந்த மல்லிக் பாபு. "பையைப் பார்த்துட்டா தீர்ந்தது."

அவர் சொன்னதும் எனக்கிருந்த கொஞ்சத் தயக்கமும் போய்விட்டது. பையைப் பிடுங்கி ஹால் நடுவில் கவிழ்த்தேன்.

பழைய படங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிறகு ஒரு பூதக்கண்ணாடி, ஒரு டிபன் டப்பா, ஒரு பான் பொட்டலம். கடைசியாக ஒரு பிலிம் ரோல் உருண்டு போய் அந்தம்மாவின், அதாவது கேயாவின், காலடியில் நின்றது.

கேயா குனிந்து அதை எடுத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இப்ப என்ன சொல்றே?" என்றேன்.

நிமாய் தரையில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட படங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். மதியம் 12.10. ஹாலில் இருபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தத் தணி-தா நான்தான். தணிகாசலம். ரயில்வே வேலையாகக் கல்கத்தா வந்து முப்பது வருஷம் ஆகிறது. பழைய கேமரா சேர்க்கிறவன். இந்த இணையக் குழுவில் அவ்வப்போது படம் போடுவேன், சிலர் பார்த்திருப்பீர்கள். இங்கே வடக்குக் கல்கத்தாவில் எங்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். நான் செயலாளர். போன ஆகஸ்டில் நடந்ததை நேரப்படி எழுதுகிறேன். எதையும் ஒளிக்கவில்லை. அன்றைக்கு என் கண்ணில் பட்டதெல்லாம் உங்கள் கண்ணிலும் படும். எனக்குத் தெரியாமல் போனது உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள்.

காலை 10.30. கூட்டம் தொடங்கியது. இடம் எப்போதும்போல மல்லிக் பாபு வீட்டின் கீழ்த்தளம். சௌரீன் மல்லிக்குக்கு எழுபத்தொரு வயது. நானூறு கேமரா வைத்திருக்கிறார். எங்கள் தலைவர் அவர். கிளப்புக்கு எந்தக் கேமரா புதிதாக வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். பின்மூடியைத் திறந்து உள்ளே குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துப் பெரிய நோட்டில் எழுதுவார். முப்பது வருஷப் பழக்கம்.

ஹாலை ஒட்டி ஒரு சிறிய அறை உண்டு. முன்னொரு காலத்தில் பிலிம் கழுவின அறை. ஒரே ஒரு மர ஜன்னல், அதன் கீழே மேஜை, சுவரோரம் ஓர் அலமாரி. கிளப்பின் நோட்டுகள் அந்த அலமாரியில் இருக்கும். புதிதாக வருகிற கேமராக்களை அந்த மேஜைமேல் வைப்போம்.

10.45. கேயா பௌமிக் வந்தார். நாற்பத்தாறு வயது, ஸ்ரீராம்பூரில் பள்ளி டீச்சர். துணிப்பையிலிருந்து ஒரு ஜெர்மன் மடக்கு கேமராவை எடுத்தார். ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது.

"அப்பாவோடது. அவர் போனப்புறம் டிரங்குப் பெட்டியில கிடைச்சுது. உள்ளே பிலிம் இருக்கு."

கேமராவின் முதுகில் இருந்த சிறிய சிவப்புக் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மங்கலாக 6 என்று தெரிந்தது. எட்டுப் படம் எடுக்கிற ரோல் அது. நீல விளக்கு முத்திரை குத்திய அந்தச் சீட்டில் வங்காளியில் எழுதியிருந்தது: 'குழந்தைக்கு முதல் சோறு. ஆறு எடுத்தாச்சு. இரண்டு மிச்சம்.'

"அந்தக் குழந்தை நான்தான்," என்றார் கேயா. "எனக்கு எட்டு மாசம் இருக்கும்போது அம்மா போயிட்டா. அப்பா ஊருக்கே படம் எடுத்தார், ஸ்டுடியோ வெச்சிருந்தார். ஸ்டுடியோ தீப்பிடிச்சதுல கல்யாணப் படம் உட்பட எல்லாம் போச்சு. அம்மா வீட்டு ஜனங்க எல்லைக்கு அந்தப் பக்கம், தொடர்பே இல்லை. அம்மா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாது. இதுல இருக்கா."

மிச்சம் இரண்டையும் எடுக்க அந்த மனுஷருக்குக் கை வரவில்லை. எடுக்காமல் கழுவவும் மனசு வரவில்லை. நாற்பத்தைந்து வருஷம் அப்படியே வைத்திருந்திருக்கிறார்.

ஹாலில் இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னேன். "உள்ளே பிலிம் இருக்கு. யாரும் தொடாதீங்க. ரேபா-தி வந்துதான் எடுப்பாங்க." பழைய பிலிம் கழுவுவதில் ரேபா சாமந்தாவை விட்டால் எங்கள் ஊரில் ஆள் கிடையாது. போன் போட்டேன். ஊர்வலத்தில் பஸ் மாட்டிக்கொண்டதாகவும் பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னார். வீட்டிலேயே இருட்டான இடம் என்று கேமராவைச் சின்ன அறை மேஜைமேல் வைத்தேன். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

11.05. நிமாய் பைன் வந்தார். இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து ஆல்பம் வாங்கி விற்பவர். என்னைவிட ஐந்து வயது பெரியவர். ஆனாலும் எல்லாரையும் அண்ணன் என்று 'தா', அக்கா என்று 'தி' போட்டுக் கூப்பிடும் நாங்கள் அவரை மட்டும் வெறும் நிமாய் என்போம், நீ என்போம். வியாபாரி என்ற இளக்காரம்தான். பையைச் சின்ன அறையில் வைத்துவிட்டு வந்தார். பிலிம் விஷயத்தை அவரிடமும் சொன்னேன். நேரே கேயாவிடம் போனார்.

"பிலிமை எடுத்தப்புறம் கேமராவைக் குடுக்குறதா இருந்தா சொல்லும்மா. நல்ல விலை தரேன்."

கேயா முகம் சுளித்தார். நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

11.20. மல்லிக் பாபு பூஜை முடித்து மாடியிலிருந்து இறங்கினார். நாங்கள் டீக்காகப் பின் வராந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

11.30. பெரிய மழை பிடித்தது. சிங்காடா, அதாவது நம்மூர் சமோசா, வந்தது. உருளைக்கிழங்கோடு காலிஃபிளவர் சேர்ப்பது நியாயமா என்று சண்டை நடந்தது. நிமாய் வராந்தாத் தூணில் சாய்ந்து நாலாவது சிங்காடாவைத் தின்றபடி, நியாயம்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

11.45. மல்லிக் பாபு பெரிய நோட்டோடு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தார். டீக் கோப்பையை ஸ்டூலின் ஓரத்தில் வைத்தார். அது விழுந்து உடைந்தது. ஒருவர் தான் வாங்கிய லென்ஸைக் காட்டினார். "நம்பரை நீயே படி தணி. கண்ணாடியை மேல விட்டுட்டேன்," என்றார் மல்லிக் பாபு. கண்ணாடி அவர் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

11.55. மழை விட்டது. கேமராவை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று கேயா உள்ளே போனார். அவர் கத்தியதைக் கேட்டு ஓடினேன். சிவப்புக் கண்ணாடியில் எண் இல்லை. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் வெறும் குழி. ஜன்னல் திறந்து கிடந்தது, சாத்தினேன். திரும்பினால் நிமாய் உள்ளே பாய்ந்து வந்து மேஜைமேலிருந்த தன் பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அதற்குமேல் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. மிச்சத்தை ஆரம்பத்திலேயே படித்தீர்கள்.

12.25. ரேபா-தி குடையை உதறியபடி வந்தார். அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் போலீஸில் படமெடுத்தவர். பிணம், உடைந்த பூட்டு, ரத்தக்கறை, இதெல்லாம்தான் அவர் வேலை. தரையில் உட்கார்ந்திருந்த நிமாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன தணி, இது?"

சொன்னேன். கோப்பை உடைந்தது வரை ஒன்றுவிடாமல். கேயா ரோலை நீட்டினார். "கிடைச்சிடுச்சு. கழுவிடலாம் இல்லையா?"

ரேபா-தி ரோலை வாங்கி ஒரு நொடி பார்த்தார். முகம் மாறியது. கேமராவைக் கொண்டுவரச் சொல்லி ரோலை அதன் குழியில் வைத்தார். கடகடவென்று ஆடியது.

"பொருந்தலை பாரு. அந்தக் காலத்துல இதே அகலத்துக்கு ரெண்டு தினுசு ஸ்பூல், அதான் பிலிம் சுத்தற உருளை, உண்டு. இது ஓரத்தட்டு சின்னது, வேற கேமராவுக்கு. இதுல உங்கம்மா இல்லை, கேயா."

கேயா ரோலைக் குழியிலிருந்து எடுத்து நிமாயின் பக்கத்தில் தரையில் வைத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சின்ன ஸ்பூலுக்கும் பெரிய ஸ்பூலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இந்தக் கிளப்பில் யாருமில்லை. ரோல் என் கண்முன்னால்தான் உருண்டது.

"நிமாய்-தா, நீங்க ஏன் சொல்லலை?" என்று கேட்டார் ரேபா-தி.

"இடிச்ச வீட்டுல கிடைச்ச வேற ரோல்னு சொன்னா கேட்டிருப்பாங்களா?"

12.35. சின்ன அறை. ரேபா-தி மேஜையைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் முழுக்க ஈரம். நடுவில் ஒரு பை அளவுக்கு மட்டும் காய்ந்த இடம்.

"ஜன்னலைச் சாத்தியிருந்தேன்னு சொன்னே."

"ஆமா. கொக்கி போட்டேன். காத்துல திறந்திருக்கும்."

"காத்து கொக்கியைக் கழட்டுமா?"

கொக்கியைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

"நிமாய்-தா, பையை எப்ப இங்க வெச்சீங்க?"

"பதினொண்ணு அஞ்சுக்கு. மழை வரலை அப்ப."

"எப்ப எடுத்தீங்க?"

"இந்தம்மா கத்தினப்போ. ஓடி வந்தா மேஜையெல்லாம் தண்ணி, பை நனைஞ்சுக்கிட்டிருக்கு. அதான் பாஞ்சு எடுத்தேன்."

ரேபா-தி என் பக்கம் திரும்பினார். "மழை பெய்யும்போது யாரோ ஜன்னலைத் திறந்திருக்காங்க. அப்ப பை இங்கதான் இருந்திருக்கு. காஞ்ச இடத்தைப் பாரு. இவர் பிழைப்பே காகிதப் படம். இவரே ஜன்னலைத் திறந்திருந்தா முதல் வேலையா பையை நகர்த்தியிருப்பார் இல்லையா? நீ அதைக் கவிழ்த்தப்போ படமெல்லாம் ஒட்டிக்கிட்டு விழுந்துதே, ஏன் நனைஞ்சுதுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இருபது பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

12.45. எல்லாரும் ஹாலில். மல்லிக் பாபு சாய்வு நாற்காலியில். கேயா ஜன்னலோரம்.

"கேமராவைத் திறந்து பார்த்தப்போ காலி ஸ்பூல் இருந்துதா, தணி?"

"இல்லை. ஒண்ணுமே இல்லை."

"நல்லா யோசி. படத்துக்கு ஆசைப்பட்டுத் திருடறவன் என்ன பண்ணுவான்? ரோலைக் கடைசி வரை சுத்தி முடிச்சுட்டுத்தான் மூடியைத் திறப்பான். அப்படி எடுத்தா காலி ஸ்பூல் ஒண்ணு உள்ளேயே நிக்கும். இங்க ரெண்டு ஸ்பூலும் காணோம். அப்படின்னா ஆறாம் எண்ணுல இருக்கும்போதே யாரோ திறந்திருக்காங்க. வெளிச்சம் பட்டுடுச்சு. வீணாப்போன பிலிமை எவன் திருடுவான்?"

ரேபா-தி எல்லாரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"திருடறதுக்குத் திறக்கலை. பிலிம் இருக்குன்னு தெரியாம திறந்தாச்சு. திறந்தது தெரியக்கூடாதுன்னு எடுத்து ஒளிச்சாச்சு. பிலிம் இருக்குன்னு யார் யார்கிட்ட சொன்னே?"

"ஹால்ல இருந்த எல்லார்கிட்டயும் சொன்னேன். நிமாய் வந்ததும் அவன்கிட்டயும்."

"கேமரா மேல ஒரு காகிதம் ஒட்டினியா, பிலிம் இருக்குன்னு?"

"இல்லை. அதான் வாயால எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"நிமாய்-தாவுக்கு அப்புறம் வந்தவங்ககிட்ட?"

"அப்புறம் யாரும் வரலை."

"சின்ன அறைக்குள்ள யார் யார் போனாங்க?"

"நான், நிமாய், கேயா. வேற யாரும் போகலை. சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நான் மனசாரத்தான் செய்தேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

ரேபா-தி பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டார். "கேமரா எண்ணெல்லாம் எழுதற பெரிய நோட்டு, அது எங்க இருக்கும்?"

"சின்ன அறையில. அலமாரியில."

"இப்ப எங்க இருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். நோட்டு மல்லிக் பாபுவின் மடியில் இருந்தது.

"பதினொண்ணே முக்காலுக்கு அதோட வராந்தாவுக்கு வந்தார்னு நீயே சொன்னே," என்றார் ரேபா-தி. "அலமாரியில இருக்குற நோட்டு, உள்ள போகாம எப்படி வெளிய வரும்? இவர் வந்தது பதினொண்ணு இருபதுக்கு. நீ சொன்னதெல்லாம் இவருக்குத் தெரியாது. புதுக் கேமரா வெக்கிற மேஜைமேல புதுக் கேமரா இருந்துது. எப்பவும்போல எடுத்தார். திறந்தார்."

"ஆனா இவர் சிவப்புக் கண்ணாடியைப் பார்க்காம திறக்க மாட்டாரே!" என்றேன். எங்களுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"பார்த்திருப்பார். தெரிஞ்சிருக்காது. இருட்டா இருக்குன்னு ஜன்னலைத் திறந்து, மழை அடிக்கிறதைக்கூடப் பொருட்படுத்தாம, மறுபடியும் பார்த்திருப்பார். அப்பவும் தெரிஞ்சிருக்காது. கோப்பையை ஸ்டூல்ல வெக்கத் தெரியலை. லென்ஸ் நம்பரைப் படிக்க முடியலை. கண்ணாடி கழுத்துல தொங்கியும் பிரயோஜனமில்லை. எத்தனை மாசமா, மல்லிக் பாபு?"

"ரேபா-தி, வேண்டாம்," என்று யாரோ சொன்னார்கள். மல்லிக் பாபு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒரு வருஷம் ஆகப்போகுது. நடுவுல தெரியாது. ஓரத்துலதான் கொஞ்சம் தெரியும். வைத்தியம் இல்லைன்னு சொல்லிட்டாங்க." ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்தார். உள்ளே பிலிமும் இரண்டு ஸ்பூலும் இருந்தன. "நானூறு கேமரா வெச்சிருக்கறவனுக்குக் கண்ணு தெரியலைன்னு எப்படிச் சொல்றது? நீங்க எல்லாம் பாவம்னு பார்ப்பீங்க."

கேயா எழுந்து அவர் எதிரில் போய் நின்றார்.

"என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்க?"

மல்லிக் பாபு மூட்டையைக் கேயாவிடம் நீட்டினார்.

"எவ்வளவு நேரம் வெளிச்சத்துல இருந்துது?" என்று கேட்டார் ரேபா-தி.

"திறந்ததும் மூடினேன். ரெண்டு செகண்ட் இருக்கும். அப்புறம்... எடுத்துடலாம்னு தோணிச்சு. பாத்ரூம்ல வெச்சு இறுக்கிச் சுத்தப் பார்த்தேன். கை நழுவி முழுசா அவுந்து தரையில விழுந்துடுச்சு."

ரேபா-தி கண்ணை மூடிக்கொண்டார். பழைய ரோலில் எடுத்து முடித்த பகுதி காகிதத்தோடு சேர்ந்து இறுகச் சுற்றியிருக்கும். இரண்டு செகண்ட் வெளிச்சம் வெளிச்சுற்றைத்தான் கெடுக்கும்.

"மூடினதோட விட்டிருந்தா?" என்று கேயா கேட்டார்.

"நாலு படம் பிழைச்சிருக்கும்," என்றார் ரேபா-தி.

அப்போது தரையிலிருந்து நிமாய் பேசினார். அவர் பார்த்தது மல்லிக் பாபுவைத்தான். "பையைப் பார்த்துட்டா தீர்ந்ததுன்னு சொன்னீங்களே. அப்ப ரோல் உங்க பையிலதானே இருந்துது?"

"ஆமா." மல்லிக் பாபு நிமாய் பக்கம் முகத்தைத் திருப்பினார். "திறந்தது தவறிப்போய், நிமாய். அதைச் சொன்னது தவறிப்போய் இல்லை."

நிமாய் பிரித்த படங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட எங்களுக்கு என்ன வாய் இருந்தது?

மூன்று நாள் கழித்து ரேபா-தி ரோலைக் கழுவினார். பிலிமில் ஐந்து படம் முழுக்கக் கறுப்பு. சுருளின் உள்பக்கம் இருந்த முதல் படத்தில் மட்டும் கீழ்ப்பாதி தப்பியிருந்தது. பெரிய வெண்கலத் தட்டு. அதில் சோறு, ஐந்து விதப் பொரியல், பாயசக் கிண்ணம். மாலை போட்ட குழந்தை வாயைத் திறந்து அழுகிறது. அதன் முதுகைத் தாங்கி ஒரு கை, சங்கு வளையலோடு. முழங்கைக்கு மேலே எல்லாம் கறுப்பு; காகிதத்தில் போட்டால் வெறும் வெள்ளை.

கேயா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது அம்மா கைதானே?"

ரேபா-தி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். "தெரியாது, கேயா," என்றார் அவர். "அத்தை, சித்தி யாரா வேணா இருக்கலாம். ஒரு கையை வெச்சு நான் சொல்ல முடியாது."

கேயா தலையாட்டினார். படத்தை வாங்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

அந்த வாரமே நான் தம்தமில் நிமாய்-தா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

"இருபது பேர் முன்னாடி கவிழ்த்தீங்க," என்றார். "மன்னிப்பு மட்டும் யாரும் இல்லாதப்போ வந்து கேக்குறீங்க."

என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். நான் திருடனைத் தேடவே இல்லை. திருடனாக இருக்கத் தோதான ஆளை எடுத்துக்கொண்டேன். உள்ளே போனவர்களை எண்ணும்போது மல்லிக் பாபுவை வேண்டுமென்று மறைக்கவில்லை. அவர் என் கணக்கிலேயே வரவில்லை. நிமாய்-தா மட்டும் முதல் ஆளாக வந்தார். அவர் கேட்டது நியாயம். அதனால்தான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். நிமாய் பைன் எதையும் எடுக்கவில்லை. அவர் பையைக் கவிழ்த்தவன் நான். நனைந்த படங்களில் பதினொன்று தேறவில்லை. கல்கத்தா நண்பர்களுக்காக இதையே வங்காளியிலும் எங்கள் கிளப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். மல்லிக் பாபுவிடம் படித்துக் காட்டினேன். தன் பேரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கதவைச் சாத்தப் போன நிமாய்-தா கடைசியாக ஒன்று சொன்னார். எனக்காகச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவங்கப்பா சீட்டுல இருந்த அதே விளக்கு முத்திரை குத்தின ஸ்டுடியோ படம் ஒரு பெட்டி நான் வித்திருக்கேன். பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். ஸ்ரீராம்பூர்ல ஒரு வீட்டை இடிச்சப்போ கிடைச்சுது. எல்லாம் குழந்தைப் படம். மெட்ராஸ்காரர் ஒருத்தர் மொத்தமா வாங்கிட்டுப் போனார், பேர் ஞாபகமில்லை. பிரிச்சு வித்திருப்பார். குழந்தை அசையாம இருக்க ஒரு பொண்ணு ஓரமா நின்னு கிலுகிலுப்பை ஆட்டுவா. சிலதுல அவளும் விழுந்திருப்பா. ஓரத்தை வெட்டாம அப்படியேதான் வித்தேன்."

கேயாவிடம் சொன்னேன். "ஸ்டுடியோவுல கிலுகிலுப்பை ஆட்டறது அம்மா வேலைன்னு அப்பா சொல்லியிருக்கார்," என்றார். 

அதனால் கேட்கிறேன். இந்தக் குழுவில் பழைய படம் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சென்னையில் மூர்மார்க்கெட் பக்கமோ வேறெங்கோ வங்காளக் குழந்தைப் படங்கள் வாங்கியிருந்தால் தயவுசெய்து எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்னால் நீல மையில் வட்ட முத்திரை இருக்கும். நடுவில் ஒரு விளக்குப் படம், சுற்றிலும் வங்காளி எழுத்து. படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, விளக்கு இருந்தால் போதும். முன்பக்கம் ஓரத்தில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், சேலை கட்டிய ஒரு பெண் நிற்கிறாளா பாருங்கள்.

படத்தை நீங்கள் தர வேண்டாம், அது உங்களுடையது. போனில் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் போதும். அப்படி ஒரு படம் இருந்தால், இருக்குமோ என்று ஒரு சந்தேகம் இருந்தால்கூட, இங்கேயே கீழே பதில் எழுதுங்கள். பதில்களை நான் தினமும் கேயாவுக்குப் படித்துச் சொல்வேன்.